ரோல் மாற்றியபின் வரும் முதல் ஸ்டிக்கர்

சித்திரை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு ஐம்பது. ஓசூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவரை எனக்குத் தெரியாது. அதிலிருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் தெரியும். எழுதியவன் நான்.

"வணக்கம். இந்தப் பிழையை நீங்கள் எங்களுக்குத் தெரிவித்து வெகுகாலம் ஆகிவிட்டது. இவ்வளவு தாமதமாகக் கேட்பதற்கு மன்னிக்கவும். இப்போதைய பதிப்பில் இதை மறுபடி சோதித்து, இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இந்த அறிக்கையை மூடிவிடுவோம்."

மூலம் ஆங்கிலம். நான் அதை எழுதி ஐந்து வருடங்கள் ஆகின்றன. அன்றுமுதல் அதை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு வந்தது அதுவே முதல் முறை.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் அச்சிடுவதற்கென்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். அதில் ஏதாவது கோளாறு கண்டால் பொதுப் பட்டியலில் எழுதிவைக்கலாம். எழுதுகிறவர்கள் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். திருத்துகிறவர்கள் எங்கெங்கோ, அவரவர் பிழைப்புக்கு நடுவே திருத்துவார்கள். பட்டியல் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பழைய அறிக்கைகளில் எவை இன்னும் உயிரோடிருக்கின்றன என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். கோளாறைக் கண்டவரிடமே, இன்னும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எனக்கு நிரல் எழுத வராது. கேட்க வரும். மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, வாரத்துக்குப் பத்துப் பேரிடம் கேட்பேன்.

அதில் எட்டுப் பேரிடமிருந்து பதிலே வராது. வந்த பதில்களில் சிலவற்றை என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஒருவர், அந்தக் கணினியே இப்போது இல்லை என்றார். ஒருவர், நான் அந்தக் கடையை மூடிவிட்டேன், ஆனாலும் கேட்டதற்கு நன்றி என்றார். ஒரு பெண், இது என் அப்பாவின் முகவரி, அவர் இப்போது எதற்கும் பதில் எழுதும் நிலையில் இல்லை, நான் சோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டு, பார்த்தும் சொன்னார். ஒருவர் கோபமாக, ஆறு வருடம் கழித்துத்தான் நினைவு வந்ததா என்று எழுதினார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை. கேள்வி நியாயமானது.

நாட்களைக் குறித்துவைப்பது எனக்குப் பழக்கம். இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஓசூரில் முதல் கோடை மழை எந்தக் கிழமை வந்தது, சானமாவு காட்டிலிருந்து யானைகள் ராகிக் கொல்லைகளுக்கு இறங்கிய செய்தி எந்தத் தேதியில் வந்தது, எந்த நாளிலிருந்து தக்காளி விலை ஏறியது, எல்லாம் அதில் இருக்கும். யாராவது ஏதாவது கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்றுதான் எழுதுகிறேன். அந்தக் காலை வரை யாரும் கேட்டதில்லை.

எனக்கு வந்த மின்னஞ்சல் குறிப்பிட்ட அறிக்கை ஏழு வருடங்களுக்கு முன், ஒரு தை மாத வெள்ளிக்கிழமை மாலை எழுதியது. எழுதியவர்கள் இருவர், கணக்கு என் பெயரில். இத்தனை வருடமும் பட்டியலைச் சுத்தம் செய்தபோதெல்லாம் அந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். தன் அறிக்கையைத் தானே மூடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அது வசதியாக இருந்தது. இப்போது எந்த நாட்டிலோ புதிதாகச் சேர்ந்த ஒருவர், வரிசையாக மேலிருந்து கீழே வந்து, என் வார்த்தைகளை என்னிடமே அனுப்பிவிட்டார்.

அந்த இன்னொருவனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் அவன் ஓர் உற்பத்தி லைனுக்கு சூப்பர்வைசர். நான் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் வேலை; இப்போதும் அங்கேதான். அவனுக்கு ஊர் கிருஷ்ணகிரிக்கு அப்பால் நாகரசம்பட்டி, மாந்தோப்புள்ள குடும்பம். மனைவியும் பெற்றோரும் ஊரில் இருக்க, அவன் வாரம் ஆறு நாள் ஓசூரில் என்னோடு ஒரே மாடி வீட்டில் தங்கி, சனிக்கிழமை மாலை கிருஷ்ணகிரி பஸ் ஏறுவான். எனக்கு ஊர் தெற்கே. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் ஏறிப் போக எனக்கு பஸ் இல்லை. நாலு வருடம் அப்படி இருந்தோம். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். நான் எதையாவது படித்துக்கொண்டிருந்தால், "இன்னும் எத்தன பக்கம்டா, லைட்ட அணைக்கணும்" என்பான்.

ஒவ்வொரு அளவுக் கருவியையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்க வேண்டும். சோதித்ததும் அதன் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவோம்: கருவியின் எண், அடுத்த சோதனைக்கான கெடு தேதி. அதே தேதி பதிவேட்டிலும் இருக்கும். கெடு தாண்டிய கருவியால் அளந்த பொருளெல்லாம் சந்தேகத்துக்கு உரியது. அந்நாளில் ஸ்டிக்கர்களைக் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தோம். எண்ணெய் பட்டால் அழிந்துபோகும். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாமல் பெங்களூருவில் பழைய சாமான் கடையொன்றில் ஸ்டிக்கர் பிரிண்டர் ஒன்றை வாங்கிவந்தான். அதை ஓட்டும் மென்பொருளை நான் தேடிப் பிடித்தேன். கம்பெனி அனுமதித்தது, செலவில்லை என்பதால். பிரிண்டரின் மூடிக்கு உட்புறம், வாங்கிய தேதியை நான் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவன், "கொழந்த பொறந்தா கூட இப்பிடி எழுத மாட்டாங்கடா" என்றான்.

தை மாதத்தில் ஒரு ஸ்டிக்கர் தப்பாக வந்தது. எண் சரியாக இருந்தது. தேதி மட்டும் அதற்கு முந்தைய ஸ்டிக்கரின் தேதி. இருவரும் பார்த்தோம். அன்று மாலையே படம் எடுத்து, அறிக்கை எழுதிப் பட்டியலில் போட்டோம். பிறகு நாற்பது முறை ஓட்டிப் பார்த்தும் அது மறுபடி வரவில்லை. அறிக்கையின் நிலை "உறுதியாகவில்லை" என்றே நின்றது. திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாத எந்தக் கோளாறுக்கும் அந்தப் பெயர்தான்.

நாலு மாதம் கழித்து வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர், அவன் லைனில் இருந்த ஓர் அளவுக் கருவியை, ஒரு கேஜை, கையில் எடுத்தார். ஸ்டிக்கரில் அடுத்த மாதத் தேதி. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். பதிவேட்டில் கெடு முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

மாதக் கடைசி நெருக்கடியில் லைனை நிறுத்தாமலிருக்க அவனே ஸ்டிக்கரை மாற்றி அடித்து ஒட்டிவிட்டான் என்று பேச்சு எழுந்தது. பிரிண்டர் அவனுடையது. ஓட்டவும் தெரியும். மேனேஜர் அறையில் மூன்று பேர் இருந்தோம். அவன் சொன்னான்: "சார், ஒரு தடவ தேதி மாறி அடிச்சிருக்குது. இவனும் பாத்தான். கேளுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மெஷின் தப்பா அடிக்குமா?"

"ஒரு தடவை பார்த்தோம் சார். திரும்ப வரவைக்க முடியல. அதனால அப்படி அடிக்கும்னு உறுதியா சொல்ல முடியாது."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேனேஜர் கடைசி மூன்று சொற்களை மட்டும் எழுதிக்கொண்டார். நாலு மாதத்துக்கு முன்பே இதைத் தேதியோடும் படத்தோடும் உலகம் பார்க்க எழுதிவைத்திருக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. உறுதியாகாத ஒன்றை விசாரணையில் வைப்பது முறையல்ல என்று நினைத்ததாலும்தான். அளவு அறையில் பழகியவனின் புத்தி. ஒரு தடவை மட்டும் வந்த அளவை நாங்கள் அளவென்று எடுத்துக்கொள்வதில்லை.

அவனை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அவன் இரண்டு நாள் போய்விட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். பிரிண்டரை அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கயிறு கட்டினான். நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னான்.

பிறகு ஏழு வருடம். அந்த வீட்டிலேயேதான் இருக்கிறேன். இன்னொரு கட்டிலில் நாட்குறிப்புகளையும் பழைய பத்திரிகைகளையும் அடுக்கியிருக்கிறேன். கீழ் வீட்டு அம்மா தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்; முதல் வருடம் முழுவதும், உங்கள் கூட இருந்தவர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பழைய அறிக்கைகளைக் கேட்கும் வேலையில் நான் சேர்ந்தது அவன் போன மறுவருடம். மாலைகள் நீளமாக இருந்தன என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை மாலையே ஒரு பதில் தயார் செய்தேன். "அந்தப் பிரிண்டர் இப்போது என்னிடம் இல்லை. சோதிக்க இயலாது." இதுவும் முழு உண்மை. அனுப்பினால் மறுநாளே அறிக்கையை மூடிவிடுவார்கள். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, ஏழு வருடத்துக்கு முன் மேனேஜர் அறையில் பேசிய அதே குரல் இது என்று உணர்ந்தேன். துல்லியமாக இருக்கும். எதையும் மறுக்க முடியாது. ஒருவனுக்கும் உதவாது. அழித்துவிட்டேன்.

அந்த அறிக்கை மூடப்பட்டால், அவன் பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே காகிதமும் மூடப்படும். அதைச் சோதிக்கக்கூடிய கருவி ஒன்றுதான். அது அவனிடம். அவனுடைய எண் என்னிடம் இருந்தது. பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் நாள் எடுத்துப் பார்த்தேன். என்ன சொல்லித் தொடங்குவது? முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு அனுப்பிய வாக்கியம் கையில் இருந்தது. இவ்வளவு தாமதமாகக் கேட்பதற்கு மன்னிக்கவும். அதை ஒருவனிடம் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

இருபத்து நான்காம் நாள் ஞாயிறு. மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் இறங்கி மாறினேன். வைகாசி, மாங்காய் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. கண்டக்டர் ஒருவருக்குக் கன்னடத்திலும் அடுத்தவருக்குத் தமிழிலும் சில்லறை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். நாகரசம்பட்டியில் இறங்கி, தோப்பின் அடையாளம் சொல்லிக் கேட்டேன். இரண்டாவது ஆளே வழி காட்டினார்.

வீட்டு முன்னால் தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவன் மேசையருகே நின்று ஒரு பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் நரைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த ஸ்டிக்கரை ஒட்டி முடித்துவிட்டு, விரலால் தேய்த்துச் சரி செய்துவிட்டு, சொன்னான்: "வாங்க. உக்காருங்க."

நாலு வருடத்தில் ஒருமுறைகூட அவன் என்னிடம் "வாங்க" என்று சொன்னதில்லை.

அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு அந்தச் சங்கடம் எதுவுமில்லை. "யாரு, ஓசூரு அண்ணனா? ஏண்ணா, நாரசம்பட்டிக்கு வழி இப்பத்தான் போட்டாங்களா?"

சிரித்தேன். அவர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனால் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேசை மேல் அந்தப் பிரிண்டர் இருந்தது. வெள்ளை நிறம் மஞ்சளாகியிருந்தது. பெட்டி ஒவ்வொன்றிலும் எந்தத் தோப்பு, என்ன ரகம், பறித்த தேதி என்று அதில்தான் அடித்து ஒட்டுகிறான் என்று தெரிந்தது. பெங்களூரா, செந்தூரா என்ற மாம்பழ ரகப் பெயர்கள், பறித்த தேதி, எண். மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்காரர்கள் தேதி பார்த்துத்தான் பெட்டியை உள்ளே எடுப்பார்களாம்.

வந்த காரணத்தைச் சொன்னேன். மின்னஞ்சலைக் காட்டினேன். அவன் கையைத் துடைத்துவிட்டு, கைப்பேசியை வாங்கி நிதானமாகப் படித்தான்.

"முப்பது நாளுன்னு யாரு வெச்சது?"

"நான்தான்."

"இன்னிக்கு எத்தனாவது நாளு?"

"இருபத்து நாலு."

"கடசி வாரத்துல வர்ற ஆளு இல்லயே நீங்க" என்றான். வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அனுமதி கேட்டுவிட்டு, புதிய பதிப்பை ஏற்றிக் கொண்டுவந்திருந்த என் கணினியில் பிரிண்டரை இணைத்தேன். ஏழு வருடத்துக்கு முந்தைய பட்டியல் அப்படியே என்னிடம் இருந்தது: கேஜ் எண்கள், கெடு தேதிகள். அறுபது ஸ்டிக்கர் அடித்தேன். ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அறுபதும் சரியாக இருந்தன. மறுபடி அடித்தேன். அவையும் சரி. வெயில் ஏறித் தகரம் சூடாகியது. ஆட்கள் வந்து பெட்டிகளை எடுத்துப் போனார்கள். என் வேலைக்காக அவன் வேலை நின்றிருந்தது.

இரண்டாம் முறையும் முடிந்தபோது கேட்டான்: "அப்ப எழுதிடுவீங்களா, வரலன்னு?"

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். "வரலைன்னா வரலைன்னுதான் எழுத முடியும்."

அவன் எழுந்து வந்தான். "இன்னொரு தடவ ஓட்டுங்க" என்றான். ஓட்டினேன். இருபதோ இருபத்தொன்றோ வந்திருக்கும்; பிரிண்டரின் மூடியைத் திறந்தான். மூடிக்கு உட்புறம் என் கையெழுத்தில் வாங்கிய தேதி ஒட்டியபடியே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ரோலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, புது ரோல் ஒன்றைப் பிரித்துப் போட்டு, மூடியை அழுத்தி, பொத்தானைத் தட்டினான். பிரிண்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வெளிவந்த முதல் ஸ்டிக்கரைக் கிழித்து மேசை விளிம்பில் ஒட்டினான்.

"எண்ணப் பாருங்க. அப்புறம் தேதியப் பாருங்க."

எண் சரி. தேதி அதற்கு முந்தைய ஸ்டிக்கருடையது.

"ரோலு மாத்துனா மொத சீட்டு பொய்தான். எப்பவும். நான் அதக் கிழிச்சுப் போட்டுட்டு, திரும்ப ஒண்ணு அடிச்சிக்கினுதான் ஓட்டறேன். ஏழு சீசனா."

எப்போது கண்டுபிடித்தான் என்று கேட்டேன். வேலையை விட்டு வந்த முதல் சீசனிலேயே என்றான். இங்கே வெவ்வேறு நாள் பறித்த பெட்டிகள் கலந்து வரும், ஒரு நாளைக்கு நாலைந்து ரோல் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. கம்பெனியில் ஒரு ரோல் வாரக்கணக்கில் வரும். நாற்பது முறை ஓட்டினோமே, அந்த நாற்பதும் ஒரே ரோலில்.

"அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?"

மேசையில் ஒட்டிய ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

"போன எடுத்தேன். எத்தன மணிக்கு, எத்தனாவது சீட்டுன்னு கேப்பன்னு நெனச்சேன். வெச்சுட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "நீயா கேப்பன்னு பாத்தேன். நீ கேக்கவே இல்லயேடா."

அந்த "டா"வை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீட்டிக்கவும் இல்லை. நாங்கள் இருவரும் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை இங்கே எழுதவில்லை; நன்றாகக் கேட்கவில்லை. கம்பெனிக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். அவன் கையை அசைத்தான். அந்த மேனேஜர் இப்போது அங்கில்லை, அந்தக் கேஜும் இருக்காது, பேக்கிங்கில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தன் முகமே தெரியாது, யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்றான். மறுபடியும் "நீங்கள்" வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டான்: "அன்னிக்கு நோட்டுல என்னா எழுதுனீங்க?"

விசாரணை நடந்த நாளைத்தான் கேட்கிறான் என்று புரிந்தது. இருபத்தாறு வருடத்தில் என் நாட்குறிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்ட முதல் ஆள் அவன். எனக்கு மனப்பாடமாகத் தெரியும். சொன்னேன்: "மேனேஜர் அறையில் விசாரணை. உறுதியில்லை என்றேன். அவனிடம் விளக்கம் எதுவும் இல்லை."

அவன் தலையசைத்தான். "வெளக்கம் இருந்துச்சு."

"ஆமாம்."

"அத அழிச்சிடாதீங்க. வெள்ள மையும் பூசாதீங்க. ஒத்தக் கோடு."

அளவு அறைப் பதிவேட்டின் முறை அது. தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. கீழே என்ன இருந்தது என்று தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்தியவர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அதையடுத்து லைன் சூப்பர்வைசரின் சுருக்கொப்பம். ஒருவர் மட்டும் ஒப்பமிட்ட திருத்தம் செல்லாது. அந்த நாலு வருடப் பதிவேடுகளில் நான் செய்த திருத்தங்களில் முக்கால்வாசிக்குப் பக்கத்தில் இருப்பது அவனுடைய ஒப்பம்தான்.

பஸ் நிறுத்தம் வரை அவன் வரவில்லை. பெட்டிகள் ஏற்ற வேண்டியிருந்தது. தோப்பு வாசலில் நின்று, அந்தத் தப்பான ஸ்டிக்கரை ஒரு காகிதத்தில் ஒட்டிக் கொடுத்தான். "படம் எடுக்கணும்ல." பிறகு சொன்னான்: "சரி பண்ணுனாங்கன்னா சொல்லுங்க."

ஓசூர் வந்து சேரும்போது விளக்கு போட்டுவிட்டார்கள். பையைக்கூடக் கழற்றாமல் அந்த இன்னொரு கட்டிலில் இருந்த நோட்டுகளைப் புரட்டினேன். ரோலுக்கு அந்நாளில் கம்பெனியில் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருந்ததால், புது ரோல் போடும் நாட்களையும் குறித்துவைத்திருந்தேன். முதல் தப்பு வந்த தை மாத வெள்ளிக்கிழமை: "இன்று புது ரோல்." அந்தக் கேஜுக்கு ஸ்டிக்கர் அடித்த நாள், கெடுவுக்கு மூன்று மாதம் முன்னால்: "ரோல் தீர்ந்தது. பாதியில் மாற்றினோம்." இரண்டு வரிகளும் ஒரே நோட்டில், சில பக்க இடைவெளியில், ஏழு வருடமாக என் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்திருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். ஒருமுறையாவது சேர்த்துப் படிக்கவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன், என் நோட்டிடம் நானே ஒன்றும் கேட்டதில்லை.

அன்றே பதில் எழுதினேன். ஆம், இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எப்படி நிகழ்த்துவது என்பதை வரிசையாக எழுதினேன்: ஓட்டத்தின் நடுவே ரோலை மாற்றவும், தொடரவும், முதல் ஸ்டிக்கரைப் பார்க்கவும். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, ஏழு வருடங்களாக அந்தக் கருவியைத் தினமும் பயன்படுத்தி வரும் ஒருவர் என்று சேர்த்தேன். படத்தை இணைத்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் பார்த்தபோது அறிக்கையின் நிலை "உறுதியானது" என்று மாறியிருந்தது. மாற்றியவர் அந்தப் புதிய ஆள். இவ்வளவு பழைய அறிக்கைக்குப் பதில் வருமென்று எதிர்பார்க்கவில்லை, நன்றி என்று எழுதியிருந்தார். கேன்டீனில் பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டார். பழைய விஷயம் என்றேன்.

அன்று மாலை நாட்குறிப்பை எடுத்து, விளக்கம் எதுவும் இல்லை என்ற வரியின் மேல் ஒரே கோடு இழுத்தேன். "அவனிடம் விளக்கம் இருந்தது. சரியான விளக்கம்" என்று பக்கத்தில் எழுதினேன். சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். அதையடுத்து இன்னோர் ஒப்பத்துக்கு இடம் விட்டேன்.

இது நடந்து இப்போது நாலு மாதம். மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. அவனிடமிருந்து அழைப்பு இல்லை, நானும் அழைக்கவில்லை. அவன் சொல்லச் சொன்னது ஒன்றுதான்: சரி செய்தால் சொல்ல வேண்டும். இன்னும் யாரும் சரி செய்யவில்லை. திருத்துகிறவர்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும். எனக்கு அந்தப் பட்டியலின் போக்கு தெரியும். ஒரு வருடம் ஆகலாம், மூன்று வருடம் ஆகலாம்.

ஆனால் திருத்தம் வெளிவந்தால் யாராவது மறுபடி சோதித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிண்டரில்தான் சோதிக்க வேண்டும். தினமும் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது முதலில் அந்த அறிக்கையைத் திறந்து பார்க்கிறேன். ஒப்பத்துக்கு இடம் விட்ட அந்த நோட்டு பையிலேயே இருக்கிறது.